டர்போ ஸ்னோமொபைலுக்கு எந்தப் பெட்ரோல், எவ்வளவு பூஸ்ட்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் வேலை மேசையில் ஒரு பிஸ்டன் கிடக்கிறது. காகிதம் பறக்காமல் இருக்க அதைத்தான் மேலே வைப்பேன். அதன் தலையில், எக்சாஸ்ட் பக்க ஓரமாக, எலி கொறித்தது போல ஒரு பள்ளம். சுற்றிலும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி சொரசொரப்பு. பனியில் ஓடும் என் ஸ்னோமொபைலுக்கு டர்போ கிட், அதாவது காற்றை நெருக்கி இன்ஜினுக்குள் தள்ளும் சாதனம், மாட்டிய இரண்டாம் குளிர்காலத்தில் கிடைத்த பரிசு அது. மலையில் இரண்டு நாள் சொன்னபடி கேட்ட வண்டி. மூன்றாம் நாள் கீழே இறங்கி, உறைந்த ஏரியில் ஒரே நீட்டாக முறுக்கினேன். ஒரு நிமிடம் தாங்கவில்லை. டேங்கில் அதே பெட்ரோல். டர்போ தள்ளும் கூடுதல் அழுத்தத்துக்குத்தான் பூஸ்ட் என்று பெயர்; அதைக் காட்டும் மீட்டரில் அதே 8 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 8 பவுண்டு). மாறியது உயரம் மட்டும்.

மீட்டர் எண் மாறாதபோது இன்ஜினுக்குள் என்ன மாறியது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பிஸ்டன் செலவாயிற்று. உங்களுக்கு ஒரு மணி நேர வாசிப்பு போதும்.

ஒரே ஒரு வரிசையை மனதில் வையுங்கள்: பெட்ரோல் முதலில், பூஸ்ட் அப்புறம். பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்கிறார்கள். பத்து பிஎஸ்ஐ வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற பெட்ரோல் எங்கே கிடைக்கும் என்று குளிரில் அலைகிறார்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். இங்கே விரல் என்பது டேங்கில் இருக்கும் ஆக்டேன்.

முதல் படி: பம்பில் இருக்கும் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஆக்டேன் கூடினால் சக்தி கூடும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆக்டேன் எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அழுத்தமும் வெப்பமும் ஏறும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்போ சுடர் வந்து சேர்வதற்கு முன்போ தானாகப் பற்றிக்கொள்ளாமல் இந்தப் பெட்ரோல் எவ்வளவு பொறுமையாக இருக்கும் என்பது. ஐசோ-ஆக்டேனுக்கு 100, சாதாரண ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து, இரண்டின் கலவையோடு ஒப்பிட்டு அளக்கிறார்கள். பொறுமை அதிகம் என்றால் பூஸ்டைக் கூட்ட இடம் கிடைக்கும். கூட்டாவிட்டால் அந்தப் பொறுமையால் உங்களுக்குப் பயன் எதுவும் இல்லை, காசுக்குக் கேடு.

அளக்கும் முறைகள் இரண்டு. ஆர்.ஓ.என். என்பது நிமிடத்துக்கு 600 சுற்றில், ஒப்பீட்டளவில் சாந்தமான நிலையில் அளப்பது. எம்.ஓ.என். என்பது 900 சுற்றில், கலவையை 149 டிகிரி வரை சூடாக்கி அளப்பது. ஐரோப்பாவில் பம்பில் ஒட்டியிருப்பது ஆர்.ஓ.என். அமெரிக்காவிலும் கனடாவிலும் இரண்டின் சராசரியைப் போடுகிறார்கள், ஏ.கே.ஐ. என்று பெயர். ஆகவே ஸ்வீடனில் 98 என்று எழுதியிருப்பதும் அமெரிக்காவில் 93 என்று எழுதியிருப்பதும் கிட்டத்தட்ட ஒரே சரக்கு. ஐரோப்பாவின் 95, வட அமெரிக்காவின் 91-க்குப் பக்கத்தில் வரும். நார்வேக்காரர் ஒருவர் ‘98-இல் ஓட்டுகிறேன், பிரச்சினை இல்லை’ என்று சொன்னதைக் கேட்டு, 98 ஏ.கே.ஐ. தேடிக்கொண்டு போனவரை எனக்குத் தெரியும். எண்ணைக் கேட்கும்போது எந்த முறை எண் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதிகளில் 85 என்று ஒரு பெட்ரோல் விற்கிறார்கள். உயரத்தில் காற்று மெலிவு. டர்போ இல்லாத இன்ஜினுக்குள் அழுத்தமும் குறைவு. அதனால் குறைந்த ஆக்டேனே போதும் என்பது பழைய கணக்கு. டர்போ வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. மெலிந்த காற்றை மறுபடி நெருக்கி உள்ளே தள்ளுவதுதானே டர்போவின் வேலை. மலை என்பதால் 85 போதும் என்று ஊற்றிவிடாதீர்கள்.

இரண்டாம் படி: எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்பார்க் அடித்ததும் சுடர் பிளக்கிலிருந்து கிளம்பி சிலிண்டர் முழுக்கப் பரவ வேண்டும். பரவப் பரவ, இன்னும் எரியாத ஓரத்துக் கலவை நெருக்கப்பட்டுச் சூடாகிறது. பெட்ரோலுக்குப் பொறுமை இல்லாவிட்டால் அந்த ஓரம் முழுவதும் ஒரே கணத்தில் வெடிக்கும். இதுதான் டெட்டனேஷன், மெக்கானிக்குகள் டெட்டோ என்று சுருக்குவார்கள். அந்த அதிர்வலை சும்மா போவதில்லை. பிஸ்டனின் மேல் போர்வை மாதிரி ஒட்டியிருக்கும் குளிர்ந்த வாயுப் படலத்தைக் கிழித்துக்கொண்டு போகிறது. உள்ளே எரியும் வாயு 2,000 டிகிரியைத் தாண்டுவது. அலுமினியம் 660 டிகிரியில் உருகுவது. இரண்டுக்கும் நடுவே இருந்தது அந்தப் படலம் ஒன்றுதான்.

காரில் இது நடந்தால் சரளைக்கல்லைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவது போலச் சத்தம் கேட்கும். ஸ்னோமொபைலில் கேட்காது. ஹெல்மெட், காற்று, எக்சாஸ்ட், வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டையான டிராக்கின் இரைச்சல் எல்லாம் சேர்ந்து அமுக்கிவிடும். டூ-ஸ்ட்ரோக்கில் ஆபத்து இன்னும் கூடுதல். ஒவ்வொரு சுற்றிலும் எரிவதால் பிஸ்டன் ஆறுவதற்கு இடைவெளியே இல்லை. போதாக்குறைக்கு, கலவையோடு வரும் எண்ணெய் ஆக்டேனைச் சற்றுக் குறைக்கவும் செய்யும். ‘எனக்குக் காது நல்லாக் கேட்கும்’ என்று நம்பி ஓட்டியவன்தான் நானும்.

மூன்றாம் படி: பூஸ்ட் மீட்டரை நம்பாதீர்கள், கூட்டிப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதிதான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

மீட்டர் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்பது. இன்ஜின் அனுபவிப்பது மொத்தம். கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. 1,500 மீட்டரில் சுமார் 12.2. 3,000 மீட்டரில் சுமார் 10.1. இந்த மூன்று எண்ணையும் வண்டியின் கிளவ் பாக்ஸ் மூடியில் எழுதி ஒட்டிவையுங்கள்.

இப்போது என் கதையைக் கணக்காகப் பார்க்கலாம். மலையில் 3,000 மீட்டர் உயரத்தில் 10.1-உடன் 8 கூட்டினால் 18.1. ஏரி சுமார் 500 மீட்டரில் இருந்தது. அங்கே வெளிக்காற்று 13.8. அதே 8 சேர்ந்தால் 21.8. மீட்டர் முள் அசையவில்லை. சிலிண்டருக்குள் போன காற்றோ ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. என் கிட்டில் பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் பெட்டி பழைய ரகம். மீட்டர் அழுத்தத்தை மட்டும் பார்த்துப் பெட்ரோல் ஊற்றுவது. காற்று கூடியது, பெட்ரோல் கூடவில்லை. மலையில் சரியாக இருந்த கலவை ஏரியில் மெலிந்துபோனது.

மீட்டர் முள் ஏன் அசையாமல் நிற்கிறது என்பதற்கு வேஸ்ட்கேட்டைப் பார்க்க வேண்டும். டர்பைனுக்குப் போகும் புகையில் ஒரு பங்கைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் கதவு அது. ஒரு ஸ்பிரிங் அதை மூடி வைத்திருக்கிறது. டயாஃப்ரத்தின் ஒரு பக்கம் பூஸ்ட், மறுபக்கம் வெளிக்காற்றும் ஸ்பிரிங்கும். அதற்குத் தெரிந்ததெல்லாம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். நீங்கள் சிகரத்தில் நிற்கிறீர்களா, ஏரியில் நிற்கிறீர்களா என்பது பாவம் அதற்குத் தெரியாது.

வெப்பமும் உண்டு. காற்றை நெருக்கினால் சூடாகும். வெளியே மைனஸ் 10 டிகிரி என்று வையுங்கள். 65 சதவீதத் திறனுள்ள டர்போ கடல் மட்டத்தில் 10 பிஎஸ்ஐ தள்ளினால், வெளியே வரும் காற்று 55 டிகிரியைத் தொடும். 3,000 மீட்டரில் அதே 10 பிஎஸ்ஐ-க்கு டர்போ காற்றை இரண்டு மடங்கு நெருக்க வேண்டும். காற்று 75 டிகிரியைத் தாண்டிவிடும். இந்தச் சூட்டை இறக்கத்தான் இன்டர்கூலர். குறைந்த பூஸ்டில் ஓடும் சில வண்டிகளில் அது இருக்காது. அதுவும் ஒரு கணக்கோடுதான். பூஸ்டைக் கூட்டினால் அந்தக் கணக்கு உடையும். இன்டர்கூலர் இருந்தால், அதன் முகத்தில் பனி அடைத்துக்கொண்டு காற்றே போகாமல் இருக்கிறதா என்று நிற்கும்போதெல்லாம் ஒரு முறை குனிந்து பாருங்கள்.

நான்காம் படி: உங்கள் வண்டி எந்த வகை?

தொழிற்சாலையிலிருந்தே டர்போவோடு வந்த வண்டி என்றால் உங்கள் வேலை பாதி முடிந்தது. ஸ்கீ-டூ கம்பெனி தன் 2020 மாடல் சம்மிட் வண்டியில் ரோட்டாக்ஸ் 850 இ-டெக் டர்போவைக் கொண்டுவந்தபோது, டூ-ஸ்ட்ரோக் டர்போ தொழிற்சாலையிலிருந்தே வருவது அதுதான் முதல் முறை. 165 குதிரைத்திறனைச் சுமார் 2,400 மீட்டர் வரை விடாமல் பிடித்துக்கொள்ளும் என்பது அதன் பெருமை. 2022 மாடலில் போலாரிஸ் பேட்ரியட் பூஸ்ட் வந்தது. ஃபோர்-ஸ்ட்ரோக் பக்கம் யமஹா சைட்விண்டர், 2017 மாடலில் வந்த 998 சிசி மூன்று சிலிண்டர் டர்போ. அதே இன்ஜின் ஆர்க்டிக் கேட் வண்டிகளிலும் உட்கார்ந்தது. தொழிற்சாலை டர்போ வண்டிகளின் கம்ப்யூட்டர் காற்றழுத்தத்தையும் உள்ளே வரும் காற்றின் வெப்பத்தையும் தானே அளந்து பூஸ்டையும் ஸ்பார்க் நேரத்தையும் மாற்றிக்கொள்ளும். கையேட்டில் சொன்ன ஆக்டேனை ஊற்றுங்கள். எரிபொருள் வகையைத் தேர்வு செய்யும் அமைப்பு இருந்தால், அதை டேங்கில் இருப்பதோடு பொருத்துங்கள். சில வண்டிகளில் அது டேஷில் ஒரு மெனு. சில பழைய வண்டிகளில் வயரிங்கில் மாற்றிச் சொருகும் ஒரு சின்னக் கனெக்டர். எத்தனால் கலந்த பெட்ரோலை ஊற்றிவிட்டு அமைப்பை எத்தனால் இல்லாததில் விட்டால் கலவை மெலியும்.

குறைந்த ஆக்டேன் ஊற்றினால் இந்த வண்டிகள் உடனே சாகாது. நாக் சென்சார் டெட்டோவை உணர்ந்ததும் ஸ்பார்க்கைப் பின்னுக்குத் தள்ளும். வண்டி சோம்பலாக இருக்கிறது என்று கிளட்சைக் கழற்றிக்கொண்டு உட்காருவார்கள். கடைசியில் குற்றவாளி பெட்ரோலாக இருக்கும்.

கம்ப்யூட்டரை மாற்றி எழுதி பூஸ்டைக் கூட்டுவது, வெளியே வாங்கிய கிட்டை மாட்டுவது, இந்த இரண்டில் எதைச் செய்தாலும் உத்தரவாதம் போய்விடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் படிகள் இந்த வகையினருக்கு.

ஐந்தாம் படி: டேங்கில் என்ன ஊற்றுவது

பம்பில் கிடைக்கும் நல்ல பிரீமியமே புதியவருக்கு ஏற்றது. 91 ஏ.கே.ஐ.-யில், மலை உயரத்தில், 5 முதல் 8 பிஎஸ்ஐ வரை என்பது பம்ப் பெட்ரோலுக்கென்று விற்கும் டூ-ஸ்ட்ரோக் கிட்களில் வழக்கமாகக் காணும் அளவு. உங்கள் கிட் செய்தவர் சொன்ன எண் இதைவிடக் குறைவு என்றால் அவர் சொன்னதுதான் சட்டம். சிலிண்டர் ஹெட்டின் கம்ப்ரஷனைக் குறைத்திருக்கிறார்களா, ஸ்பார்க் நேரத்தை எவ்வளவு பின்தள்ளியிருக்கிறார்கள் என்பதையெல்லாம் பொறுத்தது அது.

கூட்டத்தில் பெட்ரோல் வாங்குங்கள். அதாவது, நிறையப் பேர் வந்து போகும் நிலையத்தில். மலையடிவாரத்தில் வாரத்துக்கு நாலு பேர் பிரீமியம் போடும் பம்பில், கோடைக்காலச் சரக்கு இன்னும் தொட்டியடியில் கிடக்கலாம்.

எத்தனால் விஷயத்துக்கு வருவோம். அது ஆக்டேனைக் கூட்டும், ஆவியாகும்போது நிறைய வெப்பத்தை உறிஞ்சி உள்ளே போகும் காற்றையும் குளிர்விக்கும். டர்போக்காரர்களுக்கு அதன்மேல் காதல் வருவது இதனால்தான். ஆனால் ஒரு பங்கு எத்தனால் எரிய 9 பங்கு காற்று போதும், பெட்ரோலுக்கு 14.7. அதனால் எத்தனால் மிகுந்த இ85 பெட்ரோலுக்கு மாறினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் எரிபொருள் இன்ஜெக்டர் வழியே போயாக வேண்டும். பெயர் 85 என்று இருந்தாலும் அமெரிக்காவில் அதில் எத்தனால் 51 முதல் 83 சதவீதம் வரை எதுவாகவும் இருக்கலாம். குளிரில் ஸ்டார்ட் ஆக வேண்டும் என்பதற்காகக் குளிர்காலத்தில் குறைத்துக் கலக்கிறார்கள். நமக்கு வேண்டியது குளிர்காலத்தில்தான் என்பது வேடிக்கை. எத்தனால் சென்சார் இல்லாத வண்டியில் இ85-ஐத் தொடாதீர்கள்.

எத்தனால் எவ்வளவு இருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். கோடு போட்ட 100 மில்லி கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர், அதன்மேல் 90 மில்லி பெட்ரோல். மூடி நன்றாகக் குலுக்கி, சில நிமிடம் விடுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். அடியில் இருக்கும் தெளிந்த அடுக்கு 10 கோட்டிலிருந்து 19-க்கு ஏறியிருந்தால், 90-இல் 9. அதாவது 10 சதவீதம். இதே குணம்தான் டேங்கிலும் வேலை செய்யும். ஈரம் இறங்கினால் எத்தனால் அதைப் பிடித்துக்கொள்ளும். கடுங்குளிரில் இரண்டும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். அப்போது மேலே மிதக்கும் பெட்ரோல் ஆக்டேன் இழந்த பெட்ரோல். சீசன் முடிந்ததும் டேங்கைக் காலி செய்துவிடுங்கள்.

பந்தயத்துக்கென்று விற்கும் உயர் ஆக்டேன் ரேஸ் பெட்ரோலைக் கலப்பவர்களுக்கு: ஒரே முறையில் அளந்த எண்களாக இருந்தால் சராசரி போட்டால் போதும். 20 லிட்டர் 91-உடன் 20 லிட்டர் 100 சேர்ந்தால் சுமார் 95.5. முதலில் ரேஸ் பெட்ரோலை ஊற்றி, பிறகு பம்ப் பெட்ரோலை ஊற்றினால் தானாகக் கலந்துகொள்ளும்.

சின்ன விமானங்களுக்கு ஊற்றும் நீல நிற 100 எல்.எல். பெட்ரோலைப் பலரும் சிபாரிசு செய்வார்கள். அதில் ஈயம் இருக்கிறது. ஆக்சிஜன் சென்சாரைக் கொல்லும். கையில் படுவதும் நல்லதல்ல, கையுறை போடுங்கள். அந்த 100 எம்.ஓ.என். வகையைச் சேர்ந்தது, 91 ஏ.கே.ஐ.-யோடு அப்படியே சராசரி போட முடியாது. பம்ப் பெட்ரோலைவிட எடையும் குறைவு. கார்புரேட்டர் ஜெட் கன அளவைத்தானே பார்க்கிறது, எடையையா பார்க்கிறது? அதே ஜெட்டில் கலவை மெலியும். எளிதில் ஆவியாகாததால் காலைக் குளிரில் ஸ்டார்ட் ஆகவும் முரண்டு பிடிக்கும்.

ஆக்டேன் பூஸ்டர் பாட்டில்களில் ‘10 பாயிண்ட் கூடும்’ என்று போட்டிருப்பார்கள். ஒரு பாயிண்ட் என்பது ஆக்டேனில் பத்தில் ஒரு பங்கு. 91 என்பது 92 ஆகும், அவ்வளவே.

ஆறாம் படி: பூஸ்டைத் தொடுமுன் மீட்டர்கள்

குறைந்தபட்சம் மூன்று வேண்டும்: உச்சத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் பூஸ்ட் மீட்டர், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) வெப்பம், டெட்டோ வந்தால் மினுக்கும் ஒரு விளக்கு. ஃபோர்-ஸ்ட்ரோக்கில், ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று எக்சாஸ்டிலிருந்து சொல்லும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் சேர்த்துக்கொள்ளுங்கள். முழு பூஸ்டில், பம்ப் பெட்ரோலில், 11.5 முதல் 12 வரை என்பது பலரும் பிடிக்கும் இலக்கு. டூ-ஸ்ட்ரோக்கில் எரியாத கலவையும் கொஞ்சம் எக்சாஸ்டில் கலந்து வெளியேறுவதால் அந்த எண்ணை வேதவாக்காக எடுக்க வேண்டாம். நேற்றைக்கு இன்று எவ்வளவு மாறியது என்று ஒப்பிடப் பயன்படும்.

எக்சாஸ்ட் வெப்பமானியில் ஒரு பொறி இருக்கிறது. டெட்டோ வந்தால் அந்த எண் ஏறும் என்றுதான் எதிர்பார்ப்போம். பல நேரம் இறங்கும். வெப்பம் வாயுவோடு வெளியே போகாமல் பிஸ்டனுக்கும் தண்ணீருக்கும் போய்விடுகிறது. முழு த்ராட்டிலில் எக்சாஸ்ட் வெப்பம் சட்டென்று இறங்கி, கூலன்ட் ஏறினால் கையை எடுங்கள்.

பூஸ்ட் ஏற்றிய இன்ஜினுக்கு ஒன்றிரண்டு படி குளிர்ந்த பிளக், அதாவது சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும் ரகம், வேண்டும். என்ஜிகே கம்பெனி பிளக்கில் எண் கூடக்கூடக் குளிர்ந்த ரகம். பாஷ், சாம்பியன் இரண்டிலும் தலைகீழ். இந்த ஒரு விஷயத்தில் தப்பான பெட்டியோடு வீட்டுக்கு வராதவர் குறைவு.

ஏழாம் படி: அடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பிஎஸ்ஐயாக

பூஸ்டைக் கூட்டிக் குறைக்கும் எலெக்ட்ரானிக் கன்ட்ரோலரை அணைத்துவிட்டு, வேஸ்ட்கேட் ஸ்பிரிங் தரும் குறைந்தபட்ச பூஸ்டில் தொடங்குங்கள். இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். குளிர்ந்த சிலிண்டருக்குள் பிஸ்டன் மட்டும் சூடாகி விரிந்தால் நாலு மூலையிலும் உரசிப் பிடித்துக்கொள்ளும். அதற்கு டர்போ கூடத் தேவையில்லை.

சமதளத்தில், ஆள் இல்லாத இடத்தில், சில நூறு மீட்டர் முழு த்ராட்டில். முடியும் இடத்தில் த்ராட்டிலைக் குறைக்காமலே கில் சுவிட்சை அமுக்கி வண்டியை உருண்டு நிற்க விடுங்கள். இல்லாவிட்டால் மெதுவாக ஓடியபோது படிந்ததுதான் பிளக்கில் தெரியும்.

பிளக்கைக் கழற்றி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். நிறத்தைப் பற்றிப் பழையவர்கள் சொல்லும் காப்பிப்பொடிக் கதையெல்லாம் ஈயமில்லாத பெட்ரோலில் சரிவராது. தேட வேண்டியது புள்ளிகளை. மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் பொட்டுகள் இருந்தால் முதல் எச்சரிக்கை. வெள்ளி மினுக்கலாகச் சின்னஞ்சிறு உருண்டைகள் தெரிந்தால், அது உங்கள் பிஸ்டனின் அலுமினியம். அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். செங்கல் நிறத் துரு போல ஏதாவது படிந்திருந்தால் பதற வேண்டாம். சில ஆக்டேன் பூஸ்டர்களில் இருக்கும் மாங்கனீசு அப்படித்தான் படியும்.

பிறகு பிளக் துளை வழியே சின்ன கேமராவை விட்டுப் பிஸ்டன் தலையைப் பாருங்கள். டூ-ஸ்ட்ரோக்கில், புதுக் கலவை வந்து மோதும் ஓரங்களில் கரி கழுவப்பட்டு உலோகம் தெரியும். அது நல்லது. எக்சாஸ்ட் பக்க ஓரத்தில் மணல் அடித்தது போலச் சொரசொரப்பு தெரிந்தால், என் மேசைக்கு இன்னொரு பிஸ்டன் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

சுத்தமாக இருந்தால் ஒரு பிஎஸ்ஐ கூட்டுங்கள். புதுப் பிளக் போட்டு, அதே ஓட்டத்தை மறுபடி ஓட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். பூஸ்டையும் பெட்ரோல் மேப்பையும் (எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் என்று கம்ப்யூட்டரில் இருக்கும் அட்டவணை) ஒன்றாக மாற்றினால் எது எதைச் செய்தது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. கன்ட்ரோலர் 7 என்று வைத்தாலும் ஒரு கணம் 9-க்கு எகிறி இறங்கலாம். அந்த உச்சம்தான் கணக்கு.

பூஸ்ட் கூடியதும் கிளட்சையும் பார்க்க வேண்டும். சக்தி கூடினால், பழைய எடைகளோடு பிரைமரி கிளட்ச் இன்ஜினைப் பிடித்து நிறுத்த முடியாமல் சுற்று எகிறிவிடும். கையேட்டில் சொன்ன சுற்றுக்கு வரும்வரை எடையைக் கிராம் கிராமாகக் கூட்டுங்கள். எடை அதிகமாகிச் சுற்று அமுங்கினாலும் கெடுதல். முக்கிக்கொண்டு ஓடும் இன்ஜினில் டெட்டோ சீக்கிரம் வரும்.

எட்டாம் படி: ஓட்டும் நாளில்

குளிர் கூடினால் காற்று அடர்த்தியாகும். 0 டிகிரியிலிருந்து மைனஸ் 30-க்குப் போனால் 12 சதவீதம். இதைச் சரிக்கட்டும் சென்சார் இல்லாத வண்டியில் அத்தனை மெலிவும் கலவைக்கு வந்து சேரும். ஆகவே டியூனிங்கை இளவெயில் நாளில் செய்துவிட்டு, கடுங்குளிர் நாளில் போய் முறுக்காதீர்கள்.

வண்டியின் கூலன்ட் ஆறுவது டிராக் வாரியடிக்கும் பனியால். இறுகிய ஐஸில் பனித்தூள் எழாது; டிராக்குக்கு மேலே மூடியிருக்கும் டனலுக்குள் கூலன்ட்டை ஆற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் காய்ந்து கிடக்கும். ஐஸைக் கீறித் தூள் எழுப்பும் ஸ்க்ராட்சர்களை இறக்கிவிடுங்கள். கூலன்ட் ஏறிக்கொண்டே போனால் ஓரமாக இருக்கும் தூள் பனியில் கொஞ்சம் ஓட்டி ஆறவிடுங்கள்.

மலையிலிருந்து இறங்குவதற்கு முன் நின்று, பூஸ்டைக் குறையுங்கள். எவ்வளவு? மேலே பாதுகாப்பாக இருந்த மொத்த எண்ணிலிருந்து கீழே இருக்கும் காற்றழுத்தத்தைக் கழியுங்கள். எனக்கு அது 18.1-இலிருந்து 13.8 போனால் 4.3. வேஸ்ட்கேட் ஸ்பிரிங்கே 5 என்றால் கன்ட்ரோலரால் அதற்குக் கீழே இறக்க முடியாது. கீழே முழு த்ராட்டில் கிடையாது என்று கையைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டியதுதான், அல்லது அந்த உயரத்துக்கு வேறு ஆக்டேன், வேறு மேப்.

டெட்டோ விளக்கு ஒரு முறை மினுக்கினாலும் த்ராட்டிலை விடுங்கள். ‘இந்த மேட்டை ஏறிவிட்டுப் பார்க்கலாம்’ என்பதற்குள் முடிந்துவிடும். நின்று, கூலன்ட் வெப்பம், உச்ச பூஸ்ட், கடைசியாக எங்கே பெட்ரோல் போட்டோம், இந்த மூன்றையும் பாருங்கள். காரணம் தெரியாவிட்டால் பூஸ்டை அடிமட்டத்துக்கு இறக்கி, பாதி த்ராட்டிலில் வண்டி நிறுத்திய இடம் வரை ஓட்டிப் போங்கள்.

ஒரு சின்ன நோட்டை ஜிப் பையில் போட்டு வண்டியோடு வையுங்கள். பேனா உறைந்துபோகும், பென்சில் வையுங்கள். என்னுடையதில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: ‘2,700 மீ. மைனஸ் 14. 91, எத்தனால் 10. கன்ட்ரோலர் 6, உச்சம் 7.2. கூலன்ட் 52. இடது பிளக் சுத்தம். வலதில் இரண்டு கறுப்புப் புள்ளி. கூட்டவில்லை.’